விளையாட்டுப் பெட்டியும் பெயரற்ற கைகளும்

கழிந்துபோன காலத்தை எண்ணி ஏங்குதல் மனிதருக்குப் புதியதன்று. ஆயின் ஒரு தலைமுறை தனது பொற்காலத்தை ஒரு பிளாஸ்ரிக் பெட்டிக்குள் வைத்துப் போற்றுவது புதியது. ஐக்கிய அமெரிக்காவிலும் யப்பானிலும் ஐரோப்பாவிலும் இன்று நாற்பதையும் ஐம்பதையும் கடந்தோர், தாம் சிறுவராயிருந்தபோது தொலைக்காட்சியோடு இணைத்து விளையாடிய அட்டாரி, நின்டெண்டோ முதலிய பெட்டிகளைத் தேடித்தேடி வாங்குகின்றனர். 2016 இல் நின்டெண்டோ கொம்பனி தனது பழைய பெட்டியைக் கையடக்கமாகச் சுருக்கி, முப்பது விளையாட்டுக்களை உள்ளே அடைத்து, ஏறக்குறைய 60 டொலர் விலையில் வெளியிட்டபோது, அது கடைத்தட்டுக்களில் தங்கவேயில்லை. எமது மாலை வகுப்புக்கு வரும் மாணவன் ஒருவன் பக்மான் உருவம் பொறித்த சட்டையோடு வந்து, “அந்தக் காலம் எவ்வளவு நல்லது, சேர்” என்றான். அவன் பிறப்பதற்கு இருபதாண்டுகளுக்கு முன்னரே முடிந்துவிட்ட காலம் அது.

இதனை நகைத்து ஒதுக்கிவிடுதல் எளிது. எமது நண்பர்களுட் சிலர் அவ்வாறே செய்கின்றனர். வசதி படைத்த நாட்டுச் சிறுவரின் பொழுதுபோக்கைப் பற்றி நாம் ஏன் கவலைகொள்ள வேண்டும், பழமை ஏக்கமென்பதே பிற்போக்கு மனோபாவந்தானே என்பது அவர்கள் வாதம். இவ்வாதம் எமக்கு உடன்பாடன்று. பின்னோக்கிப் பார்ப்போர் யாவரும் பின்னோக்கி நடப்போர் அல்லர். அன்றியும், இவ்வேக்கத்தின் அடியில் உண்மையானதொன்று கிடக்கின்றது. 1972 இல் விற்பனைக்கு வந்த முதலாவது வீட்டுப் பெட்டியாகிய மக்னவொக்ஸ் ஒடிசியிலே சத்தமில்லை. வென்றவர் யார் எனக் கணக்கிடும் வசதியுமில்லை. நிறந்தீட்டிய பிளாஸ்ரிக் தாளைத் தொலைக்காட்சித் திரையில் ஒட்டி, புள்ளிகளைத் தாளிலே குறித்து, அருகிலிருப்பவரோடு வழக்காடித்தான் விளையாட வேண்டியிருந்தது. 1977 இல் வந்த அட்டாரிப் பெட்டியின் நினைவகம் 128 பைற்று மாத்திரமே. இக்கட்டுரையின் ஒரு வரியைக்கூட அதில் முழுமையாக எழுதிவைக்க இயலாது. திரையில் அசைந்த சிறு சதுரத்தை வீரனாகக் கண்டது சிறுவரின் கற்பனையே. கற்பனை செய்வதற்கு இடமிருந்தது, அருகில் இன்னொருவர் இருந்தார், மாலைப்பொழுது ஒருவருக்கும் விற்கப்படாதிருந்தது என்ற இவற்றுக்காக ஏங்குவோரைப் பிற்போக்காளர் எனல் தகாது.

எனினும் “அந்தக் காலம் நல்லது” என்று கூறும்போது நாம் எமது உள்ளத்தைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. ஒரு காலத்தைப் பற்றித் தீர்ப்பும் வழங்குகின்றோம். அக்காலத்தில் வேறு மனிதரும் வாழ்ந்தனர். அவர்களுக்கும் அது நல்லதாயிருந்ததா? ஒடிசிக்கு மூலமான கருவியைச் சமைத்த ரால்ப் பேயர், யூதச் சிறுவன் என்ற காரணத்தால் ஜெர்மனியிற் பாடசாலையிலிருந்து விலக்கப்பட்டு, 1938 இல் குடும்பத்தோடு அமெரிக்காவுக்குத் தப்பிவந்தவர். தொலைக்காட்சியில் விளையாடலாமென்ற எண்ணத்தை 1966 இல் அவர் தாளில் எழுதியபோது பணிபுரிந்த இடம், இராணுவத்துக்குக் கருவிகள் செய்து கொடுத்த ஒரு நிறுவனம். இன்பமான பொருள் ஒன்றின் வரலாறு இன்பமாகவே இருக்க வேண்டுமென்பதில்லை.

ஆகவே வினா இதுதான்: ஒரு பொருளை அன்போடு நினைப்பவர், அதனை ஆக்கியோரையும் நினைக்கக் கடமைப்பட்டவரா? சோறுண்பவன் ஒவ்வொரு கவளத்திலும் உழவனை நினைத்தா உண்கிறான் என எதிர்வாதம் செய்யலாம். நியாயமே. ஆனால் உண்பவன் உண்மை பேசுவதாகக் கூறிக்கொள்வதில்லை. நினைவுகூர்பவனோ ‘இவ்வாறு இருந்தது’ என்று சான்று பகர்கின்றான். சான்று பகர்பவன் தனக்கு இனிமையானதை மட்டுமே சொன்னால் அச்சான்றின் பெறுமதி என்ன?

பழைய விளையாட்டுக்களைப் போற்றுவோர் பெரிதும் விரும்பிச் சொல்லும் கதையையே எடுத்துக்கொள்வோம். அட்டாரியில் அந்நாளில் ஒரு விளையாட்டை எண்ணுவதும் வரைவதும் செய்நிரலாக எழுதுவதும் பெரும்பாலும் ஒரே ஆள். ஆயினும் பெட்டியின் மீது அவர் பெயர் அச்சிடப்படமாட்டாது. வொரன் ரொபினெட் என்ற இளைஞர் ‘அட்வென்சர்’ என்னும் விளையாட்டை எழுதியபோது, ஒருவருக்கும் சொல்லாமல் அதனுள் மறைவான அறையொன்றை அமைத்தார். கண்ணிற் படாத ஒரு புள்ளியை எடுத்துச் சென்றாலன்றி அவ்வறையினுட் புக இயலாது. புகுந்தவர்க்கு, இதனை ஆக்கியவர் இன்னார் என்ற எழுத்துக்கள் தோன்றும். அவர் 1979 இல் வேலையை விட்டுச் சென்ற பின்னர், 1980 இல், ஒரு பதினைந்து வயதுச் சிறுவன் அதனைக் கண்டுபிடித்துக் கொம்பனிக்குக் கடிதம் எழுதினான். பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட பிரதிகள் விற்பனையான ஒரு படைப்பிலே, தன் பெயரைத் திருட்டுத்தனமாக எழுதிவைக்க வேண்டிய நிலை ஒரு படைப்பாளிக்கு நேர்ந்தது. இன்று இது வேடிக்கைக் கதையாகச் சொல்லப்படுகின்றது. எமக்கு அதில் வேடிக்கை தோன்றவில்லை.

அதே 1979 இல், டேவிட் கிறேன் உட்பட நால்வர், தாம் எழுதிய விளையாட்டுக்கள் கோடிக்கணக்கான டொலரை ஈட்டித் தருவதைக் கண்டு, அக்கொம்பனித் தலைவரிடம் சென்று பெயரும் பங்கும் கேட்டனர். பெட்டியைப் பொருத்தும் தொழிலாளியிலும் நீங்கள் முக்கியமானவர்களல்லர் என்ற கருத்துப்படத் தலைவர் விடையளித்ததாகக் கிறேன் பின்னாளிற் பன்முறை கூறியுள்ளார். நால்வரும் வெளியேறி அக்டிவிஷன் என்ற நிறுவனத்தைத் தோற்றுவித்தனர். அங்கே ஆக்கியோர் பெயர் பெட்டியின் மீதே அச்சாயிற்று.

இக்கதையைச் சொல்வோர் யாவரும் நால்வர் பக்கம் நிற்கின்றனர்; நாமும் அவர்கள் பக்கமே. ஆனால் தலைவரின் விடையை மீண்டுமொருமுறை நோக்குவோமாக. அது அவமதிப்பாக ஏன் ஒலித்தது? பொருத்தும் தொழிலாளி ஒரு பொருட்டல்லன் என்பதைச் சொன்னவரும் கேட்டவர்களும் ஒருங்கே ஏற்றுக்கொண்டிருந்தமையாலன்றோ! அத்தொழிலாளியும் உங்களைப்போல முக்கியமானவனே என்று அதே சொற்களைத் திருப்பிப் படித்திருந்தால் அங்கே வேறொரு வரலாறு தொடங்கியிருக்கக்கூடும். அவ்வாறு படிப்பார் அந்த அறையில் எவருமிலர். இன்று ஏக்கத்தோடு எழுதப்படும் நூல்களிலும் மிகச் சிலரே உளர்.

கலிபோர்னியாவின் மின்னணுத் தொழிற்சாலைகளிற் சில்லுகளையும் பலகைகளையும் பொருத்தியவருட் பெருந்தொகையினர் ஆசியாவிலிருந்தும் லத்தீன் அமெரிக்காவிலிருந்தும் குடியேறிய பெண்கள். அவர்கள் பெயர் எந்த மறைவறையிலும் இல்லை. 1983 பெப்ரவரியில் அட்டாரி, கலிபோர்னியாவிலிருந்த தனது தொழிலாளருள் 1,700 பேரை வேலைநீக்கி, உற்பத்தியை ஹொங்கொங்குக்கும் தாய்வானுக்கும் மாற்றப்போவதாக அறிவித்தது. கூலி குறைந்த இடத்தை நாடி முதல் நகர்ந்தது. இதில் வியப்பதற்கு எதுவுமில்லை. வியப்புக்குரியது யாதெனில், அவ்வாண்டின் ‘வீழ்ச்சி’ பற்றி நூற்றுக்கணக்கான பக்கங்கள் எழுதியோர், சந்தையின் வீழ்ச்சியைக் கூறி, சமையலறையில் வீழ்ந்த இடியைக் கூறாது விடுவதே.

விளையாட்டுக் கசெட்டை மாற்றிமாற்றிப் போடும் முறையைக் கொண்ட முதலாவது வீட்டுப் பெட்டி 1976 இல் பெயார்ச்சைல்ட் கொம்பனியிடமிருந்து வந்தது. அதனை உருவாக்கிய பொறியியலாளர் குழுவின் தலைவர் ஜெரி லோசன், அத்துறையில் அந்நாளில் மிக அரிதாகக் காணப்பட்ட கறுப்பினத்தவர். அவரைத் தொழில்துறையினர் கௌரவித்தது 2011 மார்ச்சில். அடுத்த மாதம் அவர் மறைந்தார். அதே கொம்பனியின் சான் ஹொசே நகரத்துச் சில்லுத் தொழிற்சாலையில், நிலத்தடித் தொட்டியிலிருந்து இரசாயனக் கரைப்பான் கசிந்து குடிநீர்க் கிணறொன்றிற் கலந்திருந்தமை 1981 இல் வெளிப்பட்டது. முன்னதைக் கூறுவோர் இப்போது சிலர் உளர். பின்னதையும் சேர்த்துக் கூறுபவரைக் காண்பது அரிது.

இனி, அலமொகோர்டோ. 1982 இல் ஒரு புகழ்பெற்ற திரைப்படத்தின் பெயரால் ஐந்து வாரங்களில் அவசரமாக எழுதுவிக்கப்பட்ட விளையாட்டும் பிறவும் விலைபோகாமற் குவிந்தன. 1983 செப்டெம்பரில் அவை எல் பாசோவிலிருந்து லொறிகளில் ஏற்றப்பட்டு, நியூ மெக்சிக்கோ மாநிலத்து அலமொகோர்டோவின் குப்பைமேட்டிற் புதைக்கப்பட்டு, மேலே கொங்கிறீற்றும் ஊற்றப்பட்டது. ஊர்ச்சிறுவர் சிலர் தோண்டி எடுத்து விளையாட முயன்றதும் உண்டு. 2014 ஏப்ரலில் படப்பிடிப்புக் கருவிகள் சூழ அதே இடம் தோண்டப்பட்டு, ஏறக்குறைய 1,300 கசெட்டுக்கள் வெளியே வந்தன. குப்பையாக எறியப்பட்டது ஏலத்தில் நூறாயிரம் டொலருக்கு மேல் ஈட்டித் தந்தது. ஒன்று ஸ்மித்சோனியன் அரும்பொருட்சாலையை அடைந்தது. சந்தை ஒரே பொருளை இருமுறை விற்கவல்லது: முதலிற் பொருளாக, பின்னர் நினைவாக.

எமது நாட்டில் இந்நினைவு வேறு வகையானது. ஹொங்கொங், தாய்வான், சீனா ஆகியவற்றிலிருந்து வந்த மலிவான போலிப் பெட்டிகளையே தொண்ணூறுகளிற் சிலர் ‘ரீவி கேம்’ என வாங்கினர். மின்சாரமேயின்றி இருந்த அன்றைய யாழ்ப்பாணத்தில் அதுவும் இல்லை. அப்போலிக் கசெட்டுக்களிற் பலவற்றில் மூலக் கொம்பனியின் பெயரே அழிக்கப்பட்டிருந்தது. ஆக்கியோர் பெயரைப் பற்றிக் கேட்கவே வேண்டியதில்லை. எம் மாணவனின் ஏக்கம், இவ்வாறு அயலார் இளமையைக் கண்ணாடிக்கு அப்பாலிருந்து பார்த்து ஏங்கும் ஏக்கம். அவனைக் கடிந்துகொள்ள எமக்கு மனமில்லை. அவனுடைய மாலைகளை ரியூசன் தின்றுவிட்டது. அவ்வகுப்புக்களில் ஒன்றை நடத்துபவரும் நாமே.

ஏக்கத்தை நேர்மையானதாக்க வேண்டுமாயின் பழைய பொருள்கள் படிப்பதற்குக் கிடைக்க வேண்டும். அதற்கும் தடை உண்டு. அமெரிக்காவில் 2010 க்கு முன் வெளியான பழைய விளையாட்டுக்களில் 87 சதவீதமானவை இன்று விற்பனையில் இல்லையென 2023 இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டிற்று. நூல்நிலையங்கள் அவற்றை ஆய்வாளருக்குத் தொலைவிலிருந்தே பயன்படுத்தக் கொடுக்க அனுமதி கேட்டன. உரிமையாளர் சங்கம் எதிர்த்தது. ஆய்வென்ற பெயரில் ஆட்கள் விளையாடிவிடுவார்கள் என்பது அச்சம். 2024 ஒக்ரோபரில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் அனுமதியை மறுத்தது. விற்கவும் மாட்டார், பிறர் காட்டவும் விடார். ரொபினெட்டின் மறைவறைக்குச் சாவி கொம்பனியிடம் இருந்திருந்தால் அது என்றுமே திறந்திராது.

பழைய அட்டாரிப் பெட்டியொன்றை வாங்குவதற்கு முன்னர் சேகரிப்போர் அதனைக் கவிழ்த்துப் பார்ப்பர். அடியில் ஒட்டிய தாளில், செய்யப்பட்ட இடம் குறிக்கப்பட்டிருக்கும். முதலாண்டிற் கலிபோர்னியாவின் சனிவேலில் தடித்த பிளாஸ்ரிக்கில் வார்க்கப்பட்டதாயின் விலை கூடும்; ஹொங்கொங் எனவோ தாய்வான் எனவோ இருப்பின் விலை குறையும். தாளை வாசித்து, விலையைப் பேசி முடித்து, பெட்டியை மீண்டும் நிமிர்த்தி வைக்கின்றனர்.