கேட்டவர் மீது விழும் கடமை

"செத்துப்போனால் நல்லது என்று உனக்குத் தோன்றியதுண்டா?" என்று ஒரு சிறுவனிடம் கேட்கலாமா? இல்லாத எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோமோ என்று பெற்றோர் அஞ்சுவது இயல்பே. ஆனால், கேட்பதனால் அவ்வெண்ணம் புதிதாக முளைப்பதில்லை என்றே ஆய்ந்தவர்கள் கூறுகின்றனர். ஆகவே, கேட்கலாம். கேட்ட பிறகு நம் கடமை என்ன என்பதே நம்மை உறுத்துகிறது.

அமெரிக்காவில் நோய்த்தடுப்புப் பணிகளை ஆராயும் நிபுணர் குழு 2022-ல் ஒரு பரிந்துரை செய்தது. 8 முதல் 18 வயதுவரை உள்ளவர்களிடம் மனப்பதற்றத்தையும், 12 முதல் 18 வரை உள்ளவர்களிடம் மனச்சோர்வையும், வெளியே அறிகுறி தெரியாவிட்டாலும், மருத்துவர்கள் வினவி அறிய வேண்டும் என்பது அது. இதற்கென வினாத்தாள்கள் உள்ளன. பெரிதும் வழங்கும் ஒன்றில் 9 வினாக்கள். கடந்த இரண்டு வாரங்களில் உறக்கம் எப்படி, பசி எப்படி, எதிலாவது நாட்டம் இருந்ததா என்று கேட்டு, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் இடுவர். மொத்தம் 27. பத்தும் அதற்கு மேலும் வந்தால் தீர விசாரிக்க வேண்டும். அவ்வளவுதான்! காய்ச்சல்மானி 102 காட்டினால், அது மலேரியாவா டைபாய்டா என்று சொல்லிவிடுமா? எண்ணைப் பார்த்ததும் பிள்ளைக்கு நோயாளிப் பட்டம் சூட்டுவது அநீதி.

குறைந்த எண்ணைக் கண்டு நிம்மதி அடைவதும் தவறே. மற்ற எட்டுக்கும் பூஜ்யம் இட்ட பிள்ளை, சாவைப் பற்றிய அந்த ஒன்பதாம் வினாவுக்கு 1 இட்டிருந்தால் மொத்தம் ஒன்றுதான். கூட்டிப் பார்ப்பவர் தாளை ஒதுக்கிவிடுவார். அந்த ஒன்றைக் கூட்டிப் பார்க்கக் கூடாது, படிக்க வேண்டும்.

பதற்றத்துக்கான வேறொரு தாளில் 41 வினாக்கள். பிள்ளைக்கு ஒரு பிரதி, பெற்றோருக்கு ஒரு பிரதி. இரண்டும் பல வேளைகளில் ஒத்துப்போவதில்லை. "என் மகன் எதற்கும் அஞ்சமாட்டான்" என்று தந்தை எழுதுவார். இரவெல்லாம் உறக்கமில்லை என்று மகன் எழுதியிருப்பான். சோறிட்டு வளர்த்ததனால் உள்ளத்தையும் அறிந்துவிட்டோம் என்ற எண்ணம் நம்மில் யாருக்குத்தான் இல்லை?

இன்னொன்று. "யாரிடமும் சொல்லமாட்டோம்" என்று வாக்களித்துப் பதிலைப் பெறலாமா? உயிருக்கு ஆபத்து என்றால் சொல்லியே தீரவேண்டும். ஆகையால் எதை மறைத்து வைப்போம், எதை மறைக்க இயலாது என்பதை எழுதுமுன்பே பிள்ளையிடம் கூறிவிட வேண்டும். பதில் நம் கையில் அமானிதம். பொய் வாக்குக் கொடுத்துப் பெற்றதை அப்பெயரால் அழைக்க முடியாது.

முறையான சிகிச்சைக்கும் தொடர் கவனிப்புக்கும் ஏற்பாட்டோடுதான் வளரிளம் பருவத்தினரின் மனச்சோர்வை வினவ வேண்டும் என்று அதே குழு 2016-லேயே சொன்னது. தாளை நிரப்பச் சில நிமிடம் போதும். மனநல மருத்துவரைக் காணப் பல வாரம் ஆகலாம். அதுவரை கேட்காமலே இருப்பதா? அப்படியும் நாம் சொல்லவில்லை. ஆனால் பிள்ளை வீடு திரும்புமுன் தாளைப் படிக்க ஒருவர், ஒன்பதாம் வினாவில் குறியிட்டவனைத் தனியே அமர்த்திப் பேச ஒருவர், இவ்விருவரும் இல்லாத இடத்தில் தாளைக் கொடுக்க வேண்டாம்.