மெசியா பிறந்த காலமும் களமும்

சமயங்களை அவை காலத்தோடு கொண்டுள்ள உறவின் அடிப்படையிலும் வேறுபடுத்தி நோக்கலாம். சில சமயங்களின் மெய்ம்மை எந்த ஓர் ஆண்டினையும் எந்த ஓர் ஊரினையும் சார்ந்து நிற்பதில்லை. இறைவன் கருவயப்பட்டுப் பிறப்பதில்லை எனக் கொள்ளும் சைவ சித்தாந்தத்திடம் அவன் பிறந்த காலத்தை வினவுதல் பொருளற்றதாகும். கிறிஸ்தவமோ இதற்கு மாறான நிலையினை மேற்கொண்டது. என்றுமுள்ள இறைவன் ஒரு குறித்த நாட்டில், ஒரு குறித்த ஆட்சியின் கீழ், ஒரு பெண்ணின் வயிற்றிற் பிறந்தான் என்பதே அதன் அடிப்படைக் கூற்று. கிறிஸ்தவரின் பழைய விசுவாசப் பிரமாணங்களில் தந்தை, மகன், தூய ஆவி, மரியாள் ஆகிய பெயர்களோடு உரோம ஆளுநன் ஒருவனின் பெயரும் இடம்பெறுகின்றது. பொந்தியு பிலாத்து வழிபாட்டுக்குரியவனல்லன். அவன் அங்கு நிற்பது காலத்தைக் குறிக்கும் எல்லைக்கல்லாகவே.

இவ்வாறு வரலாற்றிடம் தன்னை ஒப்படைத்த ஒரு சமயம் வரலாற்றுக்குச் செலுத்தவேண்டிய கடன் யாது? அக்கடனை முற்றாகச் செலுத்த இயலாதவிடத்து அச்சமயத்தோர் எவ்வாறு நடந்துகொள்வது நேர்மையாகும்? இவ்வினாவினை மெசியாவின் பிறப்புப் பற்றிய செய்திகளே மிகக் கூர்மையாக எழுப்புகின்றன. இயேசுவின் மரணத்துக்கு ஆளுநனின் பெயரேனும் உறுதியாக உண்டு. பிறப்பைப் பொறுத்தவரை அந்த உறுதியும் இல்லை.

நற்செய்தி நூல்கள் நான்கனுள் மாற்கும் யோவானும் பிறப்பினை விவரிக்கவில்லை. மத்தேயுவும் லூக்காவும் விவரிக்கின்றனர். இருவரும் பெத்லகேமிற் பிறப்பினையும் நாசரேத்தில் வளர்ப்பினையும் கூறுவர். ஆயின் இவ்விரண்டனையும் இணைக்கும் வழியில் அவர்கள் வேறுபடுகின்றனர். மத்தேயுவிற் குடும்பம் தொடக்கத்திலேயே பெத்லகேமில் ஒரு வீட்டில் இருப்பதாகத் தோன்றுகிறது. கீழ்த்திசை ஞானிகள் வருகின்றனர். ஏரோது குழந்தைகளைக் கொல்விக்கிறான். குடும்பம் எகிப்துக்கு ஓடி, பின்னர் அர்க்கெலாவுக்கு அஞ்சி நாசரேத்திற் குடியேறுகிறது. லூக்காவிலோ அவர்கள் முதலிலேயே நாசரேத்தினர். ஒகஸ்தஸ் பேரரசனின் கட்டளைப்படி நடந்த குடிக்கணக்கெடுப்பின் பொருட்டுப் பெத்லகேம் சென்று, அங்கு குழந்தை பிறந்தபின், யெரூசலேம் ஆலயத்துக்குப் போய், அமைதியாகத் தம்மூர் திரும்புகின்றனர்.

காலத்தைப் பொறுத்தவரை இடர்ப்பாடு இதனினும் பெரிது. ஏரோது இறந்தது கி.மு. 4இல் என்பது பெரும்பாலான அறிஞர் ஏற்கும் முடிபு. ஆகவே மத்தேயுவின்படி பிறப்பு அதற்கு முன் நிகழ்ந்திருத்தல் வேண்டும். லூக்காவும் யோவான் ஸ்நானகனின் பிறப்புச் செய்தியை ஏரோதின் நாள்களிலேயே வைக்கிறார். ஆனால் அவர் குறிப்பிடும் குடிக்கணக்கு, குவிரினியஸ் சிரியாவின் ஆளுநனாயிருந்தபோது எடுக்கப்பட்டது. யூத வரலாற்றாசிரியர் ஜொசீபஸ் கூறுவதன்படி அது அர்க்கெலா பதவி நீக்கப்பட்டு யூதேயா நேரடி உரோம ஆட்சிக்குள் வந்தபோது, அதாவது கி.பி. 6இல் நடைபெற்றது. இரண்டுக்குமிடையே ஏறத்தாழப் பத்தாண்டு இடைவெளி உண்டு.

இவ்விடைவெளியை நிரப்ப எத்தனையோ முயற்சிகள் நடந்துள்ளன. குவிரினியஸ் முன்னரும் ஒருமுறை சிரியாவை ஆண்டிருக்கலாம் என்பர் சிலர். கிரேக்க வாக்கியத்தை 'குவிரினியஸுக்கு முந்திய கணக்கெடுப்பு' என மாற்றிப் பொருள்கொள்வர் வேறு சிலர். பெயர் சிதைந்துபோன ஒரு கல்வெட்டில் அப்பெயரைத் தாமே எழுதிப் படித்தோரும் உளர். ஏரோதின் இறுதியாண்டுகளிற் சிரியாவை ஆண்டோர் சத்துர்னீனஸ், வாரஸ் என்போர் என்பது தெரிந்த செய்தி. மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய தெர்த்துல்லியனே கணக்கெடுப்பைச் சத்துர்னீனஸின் காலத்துக்கு உரியதாகக் கூறினார். பழையோருக்கும் இவ்விடத்தில் முள் உறுத்தியிருக்கிறது.

இம்முயற்சிகளிற் சில புலமை மிக்கவை. எனினும் அவற்றின் பின்னுள்ள மனப்பாங்கு அறநோக்கில் ஐயத்துக்குரியது. முடிவை முதலிலேயே வைத்துக்கொண்டு சான்றினைத் தேடுபவன், வேறெந்தத் துறையிலாவது அவ்வாறு செய்தால் அவனை நாம் ஆய்வாளன் என்று அழைக்கமாட்டோம். உண்மையின் பொருட்டுச் செய்யப்படும் சிறு உண்மையின்மை அவ்வுண்மைக்கு யாதொரு தொண்டும் புரிவதில்லை. லூக்கா ஆண்டினைப் பிழையாகக் கணித்திருக்கக்கூடும் என ஒப்புக்கொள்வதால் ஒரு விசுவாசி இழப்பது ஒரு திகதியை மட்டுமே. அதனை மறைக்க முற்படுவதால் அவன் இழப்பது தன் சொல்லின் மீது பிறர் வைத்த நம்பிக்கையை.

ஆண்டுக் கணக்கின் கதை சுருக்கமானது. 525இல் தியோனீசியஸ் எக்சிகுவஸ் என்னும் துறவி உயிர்த்தெழுதற் பெருவிழாவின் நாள்களைக் கணித்தபோது கிறிஸ்துவின் பிறப்பிலிருந்து ஆண்டுகளை எண்ணும் முறையை வகுத்தார். அவரது கணக்கிற் சில ஆண்டுகள் குறைந்தன. அதனாலேயே கிறிஸ்து 'கிறிஸ்துவுக்கு முன்' பிறந்தார் என எழுதவேண்டிய விந்தையான நிலை நமக்கு ஏற்பட்டது.

டிசெம்பர் 25 பற்றிய கதை இதனினும் சுவையானது. நற்செய்திகளில் மாதமோ நாளோ இல்லை. முதலிரு நூற்றாண்டுகளிற் கிறிஸ்தவர் இவ்விழாவினைக் கொண்டாடியதற்குச் சான்றும் இல்லை. பிறந்தநாள் கொண்டாடுவோராக வேதத்தில் வருவோர் பார்வோனும் ஏரோதும் போன்றோரே என மூன்றாம் நூற்றாண்டு அறிஞர் ஒரிஜென் இகழ்ச்சியோடு சுட்டினார். அலெக்சாந்திரியாவின் கிளெமெந்து 200ஆம் ஆண்டளவில், தம் காலத்திற் சிலர் பிறந்த நாளையும் கணித்துக் கூறுவதைக் குறிப்பிடுகின்றார். அவர் தரும் நாள்கள் நமது ஏப்பிரல், மே மாதங்களில் விழுவன. இவர்களை அளவுமீறிய ஆவலினர் என அவர் கருதியது அவர் நடையிலேயே தெரிகிறது. 243இல் எழுந்த இலத்தீன் நூலொன்று மார்ச் 28ஐக் கூறுகின்றது. சூரியன் படைக்கப்பட்ட நாள் அதுவென்பது அதன் காரணம்.

டிசெம்பர் 25 தெளிவாகத் தோன்றுவது 354இல் உரோமிற் தொகுக்கப்பட்ட ஒரு நாட்காட்டித் தொகுதியில். அதிலுள்ள திருச்சபைப் பட்டியல் 336ஆம் ஆண்டளவினது என்பர். அதே தொகுதியின் அரச நாட்காட்டியில் அதே நாள் 'வெல்லப்படாதவ'னின் பிறந்தநாளாகவும் குறிக்கப்பட்டுள்ளது. இது சூரியதேவனைக் குறிப்பதென்பர். இதனைக் கொண்டு, கிறிஸ்தவர் சூரியவிழாவைக் கவர்ந்துகொண்டனர் என்ற கருத்து வலுப்பெற்றது. மற்றொரு கருத்துப்படி, கிறிஸ்து மரித்த நாள் மார்ச் 25 என்றும், அவர் கருவாக உருவானதும் அதே நாளில் என்றும் மேற்கிற் பலர் நம்பினர். அதிலிருந்து ஒன்பது திங்கள் எண்ணின் டிசெம்பர் 25 வரும். அகுஸ்தீன் இக்கணக்கினை அறிந்திருந்தார். சூரியவிழாக் கொள்கை இன்று பொதுமக்களிடையே ஐயமற்ற உண்மையாக வழங்குகின்றது. ஆயின் அந்நாளைச் சூரியனின் பிறந்தநாளாகக் காட்டும் மிகப் பழைய தெளிவான சான்றும் மேற்கூறிய 354ஆம் ஆண்டுத் தொகுதியே. விசுவாசிகள் சான்றினை மிஞ்சிப் பேசுவதைக் கண்டிப்போர் தாமும் அதே தவறினைச் செய்தல் தகாது.

நாள் உண்மையானதன்று எனத் தெரிந்தபின் அதனைக் கொண்டாடுதல் நேர்மையா? 1647இல் இங்கிலாந்தின் பியூரித்தன் நாடாளுமன்றம் இல்லை என்று விடையிறுத்து விழாவையே தடைசெய்தது. வேதத்தில் இல்லாத நாளைப் புனிதமாக்குதல் மனிதக் கற்பனை என்பது அவர் வாதம். இவ்வாதத்தில் ஒரு நேர்மை உண்டு. எனினும் அது நினைவுகூர்தலையும் உறுதியுரைத்தலையும் ஒன்றாகக் கருதுகின்றது. 'இந்நாளிற் பிறந்தார்' என்பது வரலாற்றுக் கூற்று. 'பிறந்தார் என்பதை இந்நாளில் நினைக்கிறோம்' என்பது ஒரு சமூகம் தனக்குள் செய்துகொள்ளும் உடன்பாடு. ஆர்மீனியத் திருச்சபை ஜனவரி 6இற் கொண்டாடுகிறது. யூலியன் நாட்காட்டியைப் பின்பற்றும் கீழைத் திருச்சபைகளின் டிசெம்பர் 25 பொது நாட்காட்டியின் ஜனவரி 7இல் விழுகிறது. உக்ரேன் 2023இற் தன் அரச விடுமுறையை ஜனவரி 7இலிருந்து டிசெம்பர் 25க்கு மாற்றியது. இவர்களுள் எவரும் புதிய சான்றொன்றினைக் கண்டுபிடித்து நாளை வகுக்கவில்லை. 386ஆம் ஆண்டளவில் அந்தியோக்கியாவிற் பிரசங்கித்த யோவான் கிறிசொஸ்தொம், இவ்விழா தம்மவரிடையே அறியப்பட்டுப் பத்தாண்டும் ஆகவில்லை என்று வெளிப்படையாகவே சொன்னார். அவ்வளவோடு நின்றிருந்தால் நன்று. அவர் அந்நாளே உண்மையான நாள் என்று நிறுவவும் முற்பட்டார். உடன்பாடு உறுதியுரையாக மாறும் இவ்விடத்திலேயே நேர்மைக்கு ஊறு நேர்கின்றது.

களத்தைப் பற்றியும் சிறிது கூறவேண்டும். நம் கண்முன் எழும் தொழுவக் காட்சியின் பெரும்பகுதி நற்செய்தியில் இல்லை. லூக்கா கூறுவது முன்னணையொன்றினையே. மாடும் கழுதையும் ஏசாயா நூலின் ஒரு வசனத்திலிருந்து வந்து சேர்ந்தவை. குகை இரண்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் யுஸ்தீனின் எழுத்தில் தோன்றுகிறது. அக்குகையெனக் கருதப்பட்ட இடத்தின் மேலேயே கொன்ஸ்தாந்தீன் காலக் கோயில் எழுந்தது. தொழுவக் காட்சியினை மக்கள் மனத்திற் பதித்தவர் 1223இற் கிரெச்சியோ என்னும் ஊரில் அதனை உயிருடன் அமைத்த பிரான்சிஸ் அசீசியார். சத்திரத்திற் கூட ஒரு மொழிச்சிக்கல் உண்டு. லூக்கா இங்கு ஆளும் 'கத்தாலுமா' என்னும் சொல்லையே இறுதி இராவுணவு நடந்த அறைக்கும் ஆள்கிறார். நல்ல சமாரியன் உவமையில் வரும் பணங்கொடுத்துத் தங்கும் விடுதிக்கு அவர் ஆளும் சொல் வேறு. பழைய தமிழ் வேதாகமம் பிறப்பிடத்திலும் உவமையிலும் 'சத்திரம்' என்றே பெயர்த்தது. ஆகவே கதவடைத்த சத்திரக்காரன் நம் கற்பனையிற் பிறந்தவனாயிருக்கலாம். விருந்தினர் நெருங்கிய ஓர் உறவினர் வீட்டின் கீழ்ப்பகுதியில், கால்நடைக்கருகே குழந்தை கிடத்தப்பட்டது என்பதே லூக்காவின் கருத்தாகலாம்.

பெத்லகேமே ஐயத்துக்குரியது என்பாரும் உளர். மெசியா தாவீதின் ஊரிலிருந்து தோன்றுவான் என்பது மீக்கா இறைவாக்கினின்றும் எழுந்த எதிர்பார்ப்பு. கலிலேயனான இவன் எவ்வாறு மெசியாவாதல் கூடும் எனச் சிலர் வினவியதாக யோவான் நற்செய்தியே கூறுகின்றது. அந்நூலாசிரியர் அவ்வினாவிற்கு விடை தரவில்லை. எதிர்பார்ப்பு நிகழ்ச்சியை உருவாக்கிற்றா, நிகழ்ச்சி எதிர்பார்ப்பினை நிறைவேற்றிற்றா என்பதைச் சான்றுகொண்டு மட்டும் தீர்க்க இயலாது. பெத்லகேமைக் கூறும் இரு நூல்களும் ஒன்றையொன்று சாராது கூறுவது மட்டும் கருதத்தக்கது.

1777இல் ஜெர்மானியச் சிந்தனையாளர் லெஸ்ஸிங், வரலாற்றின் தற்செயலான உண்மைகள் அறிவின் இன்றியமையா உண்மைகளுக்குச் சான்றாக முடியாது என வாதித்து, இரண்டுக்குமிடையே தம்மாற் தாண்டவொண்ணாத அகழியொன்று இருப்பதாகக் கூறினார். 1844இல் டென்மார்க்கின் கீர்க்கேகாட் இதற்கு விடைகூற முனைந்தார். நேரிற் கண்டவனுக்கும் பல நூற்றாண்டு கழிந்து கேட்டவனுக்கும் விசுவாசத்தைப் பொறுத்தவரை வேறுபாடில்லை என்பது அவர் நிலைப்பாடு. கண்டவனும் கண்டது ஒரு மனிதக் குழந்தையைத்தான். திகதியைத் துல்லியமாக அறிந்திருப்பினும் அக்குழந்தை மெசியா என்பது அதிலிருந்து பெறப்படமாட்டாது. இது ஏற்கத்தக்க வாதமே. ஆனால் இதனைத் துணையாகக்கொண்டு, வரலாறு எப்படியிருப்பினும் என்ன என்று அலட்சியமாயிருக்க முடியாது. பிலாத்தின் பெயரைப் பிரமாணத்தில் வைத்தவர்கள் அந்த வழியைத் தாமே அடைத்துவிட்டனர்.

காலநிறைவில் இறைவன் தன் மகனை அனுப்பினான் என்பது பவுலின் கருத்து. அக்காலம் எவ்வகையில் நிறைவுற்றிருந்தது? நான்காம் நூற்றாண்டின் யூசேபியஸ் உரோம அமைதியைச் சுட்டுவார். ஒகஸ்தஸ் உலகை ஒருகுடைக்கீழ்க் கொணர்ந்தமையாற் நற்செய்தி பரவ வழி திறந்தது என்பது அவர் விளக்கம். கொன்ஸ்தாந்தீனின் காலத்தவருக்கு இது இனிமையான விளக்கம்தான். ஆனால் அந்த அமைதி யூதேயாவில் எவ்வாறு இருந்தது? கி.மு. 4இல் ஏரோது இறந்தபின் எழுந்த கிளர்ச்சியை அடக்க வந்த வாரஸ் ஏறத்தாழ 2000 பேரைச் சிலுவையில் அறைந்தான் என ஜொசீபஸ் எழுதுகிறார். நாசரேத்துக்குச் சில கிலோமீற்றர் தொலைவிலுள்ள செப்போரிஸ் நகர் எரிக்கப்பட்டு, அதன் மக்கள் அடிமைகளாக்கப்பட்டனர். மெசியா பிறந்ததாகக் கருதப்படும் காலத்தை மிக நெருங்கிய நிகழ்ச்சிகள் இவை.

லூக்கா யூசேபியஸைப் போல் எழுதவில்லை என்பதே என் கருத்து. கி.மு. 9இல் ஆசிய மாகாணத்தார் ஒகஸ்தஸின் பிறந்தநாளை ஆண்டின் தொடக்கமாக வகுத்தனர். பிரியெனே நகரில் கிடைத்த கல்வெட்டு அப்பிறப்பினை உலகுக்கு நற்செய்தியின் தொடக்கமெனப் புகழ்கின்றது. நற்செய்தி, மீட்பர் என்னும் சொற்கள் அரசனுக்கு வழங்கிய காலத்தில், அவற்றை எடுத்து முன்னணையிற் கிடந்த குழந்தைக்கு, அதுவும் இரவில் மந்தை காத்திருந்த இடையருக்குச் சொன்னதாக எழுதுவது அரசியல் அறியாத செயலன்று. அவர் தெரிந்தெடுத்த கணக்கெடுப்பும் அத்தகையதே. கி.பி. 6இன் கணக்கெடுப்பு வரிவிதிப்பின் பொருட்டானது. கலிலேயனான யூதாவின் கிளர்ச்சிக்குக் காரணமானது. அடிமைநிலையின் அடையாளமாக மக்கள் நினைவில் நின்ற ஒரு நிகழ்ச்சியின் நிழலில் அவர் அப்பிறப்பினை வைத்தார். ஆண்டிற் பிழைத்திருப்பினும், எத்தகைய உலகிற் பிறந்தார் என்பதில் அவர் பிழைக்கவில்லை.

இதனாற் காலம் பற்றிய வினா முற்றாகத் தீர்ந்துவிடவில்லை. இரண்டாம் நூற்றாண்டிற் செல்சஸ் என்னும் மெய்யியலாளன் கேட்ட கேள்வி இன்னும் நிற்கின்றது: இத்துணைக் காலம் கழிந்தபின்னரா இறைவனுக்கு மனிதர் நினைவு வந்தது? பின்னர் பொர்பிரி இதனையே நீதியின் வினாவாக்கினான். கிறிஸ்துவுக்கு முன் வாழ்ந்து மறைந்த எண்ணிறந்தோர் செய்த குற்றம் யாது? அகுஸ்தீன் கடிதமொன்றில் இதற்கு விடையிறுத்தபோது, தகுதியுடையோர் எவருக்கும் எக்காலத்தும் மீட்பு மறுக்கப்படவில்லை என்னும் பொருள்பட எழுதினார். அவ்விடையில் மனிதநேயம் உண்டு. ஆனால் தம் முதுமையில், முன்னியமம் பற்றிய நூலில், அக்கடிதத்துக்கே திரும்பி, தகுதி என்பதும் இறைவனின் கொடையாலேயே அமைவது என விளக்கி அவ்விடையின் அகலத்தைக் குறுக்கிவிட்டார். பொர்பிரியின் கேள்வி முதல் விடையைக் காட்டிலும் இரண்டாவதனையே கடுமையாகத் தாக்குகின்றது.