நியமித்தவர் யார்?

அடையாற்றின் கழிமுகத்தருகே ஊரூர் ஒல்காட் குப்பம். அதை அடுத்துப் பெசன்ட் நகர். வலை உலரும் மணலுக்கு ஒரு பெயர். மாடி வீடுகளுக்கு மற்றொரு பெயர். இருவரும் பிரம்மஞான சபையின் தலைவர்கள். முன்னவர் பின்னவரைத் தலைமைக்குக் குறித்த வரலாறு, பகுத்தறிவாளர் படிக்கவேண்டிய பாடம்.

1907 ஜனவரி. அடையாற்றில் நோயுற்றுக் கிடந்த ஒல்காட் ஓர் அறிவிப்புச் செய்தார்: மகாத்மாக்கள் படுக்கையருகே தோன்றினராம், அன்னி பெசன்ட்டை அடுத்த தலைவராக நியமிக்கப் பணித்தனராம்! சபையின் சட்டதிட்டமோ, வாரிசை முன்மொழியும் உரிமையை மட்டுமே தலைவருக்குத் தந்திருந்தது. ஏற்பதும் மறுப்பதும் உறுப்பினர் உரிமை. முன்மொழிதல் வேறு, நியமித்தல் வேறு என வாதாடினர் சிலர். இலண்டனில் மீட் என்பார் எதிர்த்தெழுதினார். பிப்ரவரி 17இல் ஒல்காட் மறைந்தார். வாக்கெடுப்பு நடந்தது, பெசன்ட் பெருவாரியாக வென்றார், 1933இல் மறையும்வரை தலைவராக இருந்தார்.

"குறித்தவரே வந்துவிட்டார், பிறகு வாக்கெடுப்பு எதற்கு?" என்பர். ஒல்காட் தீயவரா? அல்லர். ஒடுக்கப்பட்டோர் பிள்ளைகளுக்கு 1894இல் இலவசப் பள்ளி கண்டவர். அயோத்திதாசப் பண்டிதருக்குத் துணைநின்றவர். நல்லவரே! ஆயினும், அவர் கண்டதாகச் சொன்ன மகாத்மாவை யார் கேள்வி கேட்பது? எங்கே சென்று கேட்பது? கேள்விக்கு உட்படாதவன் இடும் கட்டளை நல்லதாகவே இருக்கலாம். அதற்குத் தலையாட்டுவோன் மனிதனாக இருத்தல் அரிது. வாக்குச்சீட்டு வேறொருவரைக் கொண்டுவரவில்லை, அருளப்பட்டவரைத் தேர்ந்தெடுக்கப்பட்டவராக்கிற்று. அருளப்பட்டவர் வானுக்குக் கணக்குச் சொல்வார். தேர்ந்தெடுக்கப்பட்டவர் நமக்குச் சொல்லவேண்டும். வேறுபாடு சிறிதோ?

நாட்டின் அரசியல் சட்டமும் இவ்வழியே செல்கிறது. குடியரசுத் தலைவர் பெயரால் நியமன ஆணைகள் பிறக்கின்றன. ஆனால் அமைச்சரவையின் ஆலோசனைப்படியே அவர் நடக்கவேண்டும் என்று 1974இல், சம்ஷேர் சிங் வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் உறுதி செய்தனர். பெயர் அவருடையது, பொறுப்போ மக்கள் மன்றத்துக்குப் பதில் சொல்வோருடையது. தலைவர்மீது ஐயம் கொண்டு இட்ட விலங்கல்ல இது. ஆளப்படுவோர்க்குத் தந்த மதிப்பு.

நாம் எப்படி? மகாத்மாக் கதை கேட்டு நகைக்கிறோம். நம் மன்றத்திலே, தலைவர் விரல் நீட்டியவரைச் செயலாளர் என்றும் பொருளாளர் என்றும் கைதட்டி ஏற்கிறோம். விதி என்ன சொல்கிறது என்று எவரேனும் எழுந்தால், "தலைவருக்குத் தெரியாததா?" என்று அமர்த்துகிறோம். அந்தச் சொல்லுக்குள் ஒளிந்திருப்பவர் யார்? அடையாற்றுப் படுக்கையருகே நின்ற அதே மகாத்மா அன்றோ!

அவரை அங்கே தேடவேண்டாம், இளைஞர்களே. அடுத்த கூட்டத்தில், நம் பக்கத்து நாற்காலியில் தேடுவோம்.