பூச்செண்டு வரையும் பிஞ்சுக் கரங்கள்

வெள்ளைத்தாள் ஒன்றைத் தரையில் விரித்து, கையில் பென்சிலுடன் அமர்ந்திருக்கிறாள் ஒரு சிறுமி. பூச்செண்டு ஒன்று வரைய வேண்டும் என்பது அவளது ஆசை. முதல் பூவின் முதல் இதழே கோணலாகிவிடுகிறது. அழிக்கிறாள், மீண்டும் வரைகிறாள், மீண்டும் கோணல். நான்காம் முறை அழிக்கும்போது தாள் கிழிந்துவிடுகிறது. ‘எனக்கு வராது’ என்று சொல்லிப் பென்சிலை வைத்துவிடுகிறாள்.

இந்த இரண்டு சொற்களும் அந்தத் தாளோடு நின்றுவிடுவதில்லை. நாளை கணக்கின் முன்னும், மறுநாள் இசையின் முன்னும் அவை அவள் நாவில் எழும். ஜபமாலையை ஒரு வாரம் உருட்டிவிட்டு, மனம் அடங்கவில்லை என்று அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டும் பெரியவர்களும் இதே சொற்களைத்தான் சொல்கிறார்கள். ஆகவே, ஒரு குழந்தைக்குப் பூச்செண்டு வரையக் கற்பிப்பது சிறிய செயல் அன்று.

முதலில் முழுமை

சிறுமி செய்த பிழை என்ன? அவள் இதழிலிருந்து தொடங்கினாள். பூச்செண்டோ இதழ்களின் தொகுப்பு மட்டுமன்று; அது ஒரு முழு வடிவம். முதலில் தாளின் மேற்பகுதியில் பெரிய முட்டை வடிவம் ஒன்றை, அழுத்தாமல், மெல்லிய கோடாக இட வேண்டும். அதற்குக் கீழே, காம்புகள் சேர்த்துக் கட்டப்படும் இடத்தை ஒரு சிறு புள்ளியால் குறிக்க வேண்டும். பிறகு முட்டை வடிவத்தினுள் ஐந்தாறு வட்டங்கள். சில பெரியவை, சில சிறியவை. அவையே பூக்கள் அமரப்போகும் இடங்கள். ஒவ்வொரு வட்டத்திலிருந்தும் ஒரு காம்பு அந்தக் கட்டை நோக்கி இறங்கி, அதைத் தாண்டியதும் சற்றே விரிய வேண்டும். இவ்வளவும் முடிந்த பின்னரே இதழ்கள்.

கட்டுப்புள்ளி ஒன்று இருப்பதால்தான் பல திசைகளில் சாயும் பூக்கள் சிதறாமல் ஒரே செண்டாகின்றன. அந்தப் புள்ளி சரியாக அமைந்துவிட்டால், ஓர் இதழ் கோணலானாலும் செண்டு கெடுவதில்லை. வாழ்க்கையில் ஒரு மையத்தைப் பற்றிக்கொண்டவனின் நிலையும் இதுவே.

ஆறு அங்கங்கள்

சித்திரத்திற்கு ஆறு அங்கங்கள் உண்டு என்று யசோதரர் என்ற பண்டைய உரையாசிரியர் குறிப்பிடுகிறார். அபனீந்திரநாத் தாகூர் இவற்றைப் பற்றி விரிவாக எழுதியுள்ளார். பெரிய ஓவியர்களுக்கான இந்த இலக்கணம் சிறுவர்களின் பூச்செண்டுக்கும் அப்படியே பொருந்துகிறது.

முதலாவது ரூபபேதம், அதாவது வடிவ வேறுபாட்டை அறிதல். செம்பருத்திக்கு அகன்ற ஐந்து இதழ்கள். சாமந்திக்கோ அடுக்கடுக்காய்ப் பல. எல்லாப் பூக்களையும் ஒரே மாதிரி வரையும் குழந்தை இன்னும் பூவைப் பார்க்கவில்லை. தன் மனத்தில் உள்ள பூவையே பார்க்கிறது. இரண்டாவது பிரமாணம், அதாவது அளவு. முன்னிருக்கும் பூ பெரிதாகவும் முழுமையாகவும் தெரியும். பின்னிருப்பது பாதி மறையும். ஆகவே, முன்பூவை முதலில் வரைந்து, அதன் பின்னே மறையும் கோடுகளை அழித்துவிட வேண்டும். மறைந்து நிற்கும் பூவும் செண்டுக்கு நிறைவு தருகிறது என்பதைக் குழந்தை அப்போது உணர்கிறது.

மூன்றாவது பாவம், உள்ளுணர்வு; நான்காவது லாவண்ய யோஜனம், அழகைச் சேர்த்தல்; ஐந்தாவது சாதிருசியம், ஒத்த தோற்றம். ஆறாவதாகிய வர்ணிகாபங்கம், வண்ணங்களைக் கையாளும் முறை, கடைசியில்தான் வருகிறது. வண்ணப்பெட்டியைத் திறக்கத் துடிக்கும் குழந்தைக்கு இந்த வரிசையே ஒரு தவம்.

நந்தலால் காட்டிய வழி

அபனீந்திரநாத்தின் மாணவர் நந்தலால் போஸ். 1882-இல் பீகாரிலுள்ள ஹவேலி கரக்பூரில் பிறந்தவர். சகோதரி நிவேதிதையின் ஊக்குவிப்பால் அஜந்தா குகைகளுக்குச் சென்று, அங்குள்ள பழைய ஓவியங்களைப் பிரதி எடுத்தார். பெயர் தெரியாத அந்தப் பழங்கலைஞர்களின் கோட்டை அடியொற்றித் தம் கையைப் பழக்கினார். 1922-இல் சாந்திநிகேதனின் கலாபவனப் பொறுப்பை ஏற்ற பின், மாணவர்கள் வெளியே சென்று மரத்தையும் செடியையும் நேரில் பார்த்து வரையும்படி ஊக்குவித்தார். தாமும் சிறு அட்டைகளில் அன்றாடம் கண்டவற்றை வரைந்து அன்பர்களுக்கு அனுப்பிவந்தார். இந்திய அரசியலமைப்புச் சட்டத்தின் மூலப்பிரதியைத் தம் மாணவர்களுடன் சித்திரங்களால் அலங்கரித்த பெருங்கலைஞர், ஓர் அஞ்சலட்டையில் ஒரு செடியை வரைவதையும் சிறிதாகக் கருதவில்லை.

திருத்தும் கை

சிறுமியிடம் திரும்புவோருக்கு இன்னொரு காட்சியும் தென்படும். அவள் வருந்துவதைக் கண்ட தாய் பென்சிலை வாங்கி, அழகான செண்டு ஒன்றைத் தாமே வரைந்து கொடுக்கிறாள். பள்ளியில் அதற்குப் பரிசும் கிடைக்கிறது. ஆனால் வீடு திரும்பிய சிறுமி அந்தப் பரிசைத் தந்தையிடம் காட்டவில்லை. புத்தகப் பையின் அடியில் வைத்துவிடுகிறாள். தாய் அன்பினால்தான் செய்தாள். எனினும், அந்த அன்பு குழந்தையின் கோட்டைப் பறித்துவிட்டது. பிறருடைய தர்மத்தை நேர்த்தியாகச் செய்வதைவிட, குறையோடேனும் தன் தர்மத்தைச் செய்வதே மேல் என்பது கீதையின் போதனை. அது போர்க்களத்துக்கு மட்டும் உரியதன்று. இந்தத் தாளுக்கும் உரியது.

பையின் அடியில் பரிசைக் கண்ட தாய் எதுவும் கேட்கவில்லை. மறுநாள் காலை தோட்டத்திலிருந்து ஒரே ஒரு செம்பருத்தியைப் பறித்து, மகளின் எதிரே ஒரு தம்ளர் நீரில் வைத்தாள். ‘இதழை எண்ணிப் பாரம்மா’ என்றாள். அன்று அழிப்பான் எடுக்கப்படவில்லை. மெல்லிய வட்டம், அதன் மேல் ஐந்து இதழ்கள், நடுவில் நீண்ட மகரந்தத் தண்டு. ஓர் இதழ் கோணல்தான். ஆனால் உற்றுப் பார்த்தபோது, தம்ளரில் இருந்த பூவிலும் ஓர் இதழ் மடிந்திருந்தது.

அன்று மாலை அந்தத் தாள் பூஜை அறையில், வாடிய செம்பருத்திக்கு அருகே வைக்கப்பட்டது. இலையோ பூவோ கனியோ நீரோ, பக்தியுடன் அளிக்கப்படுவதைத் தாம் ஏற்பதாகப் பகவான் உறுதியளித்திருக்கிறார். இதழ் நேராக இருக்க வேண்டும் என்று அவர் நிபந்தனை எதுவும் விதிக்கவில்லை. தன் கையால், தன் கண்ணால் கண்டதை வரைந்து அளிக்கும் குழந்தை வழிபாட்டின் முதல் படியில் கால் வைத்துவிட்டது. பெட்டியில் பூட்டிய ஜபமாலையை மீண்டும் கையில் எடுப்பவருக்கும் அந்தப் படி காத்திருக்கிறது.