மடிப்பதா, மாட்டுவதா?

துவைத்த துணியோடு பீரோவைத் திறந்ததும் இந்தக் கேள்விதான். இஸ்திரி போட்ட பருத்திச் சட்டைக்கு யோசனையே வேண்டாம், ஹேங்கரில் மாட்டிவிடலாம். பனியன் துணி டீ-ஷர்ட்டை மாட்டினால் கொஞ்ச நாளில் தோள்பட்டையில் இரண்டு கொம்பு முளைக்கும். அது நெய்த துணியல்ல, பின்னிய துணி. கண்ணி கண்ணியாகக் கோத்திருப்பதால் தன் எடையிலேயே இழுபடும். ஸ்வெட்டருக்கும் அதே கதிதான். (ஊட்டிக்குப் போகும்போது மட்டும் எடுப்பதால் நாம் கவனிப்பதில்லை.)

சிக்கல் பட்டுப்புடவையில். ஐந்தரை மீட்டர் பட்டும் கனத்த ஜரிகையும் கம்பி ஹேங்கரில் தொங்கினால் பாரமெல்லாம் அந்த ஒரு கோட்டில் விழும், துருக்கறையும் ஏறும். சரி என்று மடித்து வைத்தால், ஒரே மடிப்பில் வருஷக்கணக்காகக் கிடக்கும் ஜரிகை அந்த மடிப்பிலேயே விட்டுப்போகும். அம்மாவின் அரக்குப் புடவை அப்படித்தான் போனது. கல்யாணப் புடவை, பத்திரமாக இருக்கட்டும் என்று யாரும் தொடவில்லை. ஒருநாள் பிரித்தால் மடிப்பு வாக்கில் நாலு கீறல், பிளேடு வைத்தாற்போல.

பாட்டி வேறு மாதிரி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து, நிழலில் காற்றாட விட்டு, மடிப்பை மாற்றி, பழைய மல் வேட்டியில் சுற்றி வைப்பார். அந்துருண்டையை ஜரிகை மேல் படவிடமாட்டார், கறுத்துவிடுமாம். அவர் புடவையைப் போன தை மாதம் என் மகள் கட்டினாள்.