கொடுத்த கணக்கும் தீராத கடனும்

சர்க்கார் தன் வசமுள்ள தகவல்களை ஜனங்களுக்குத் திறந்துவிட வேண்டும் என்பதில் இன்று யாருக்கும் தகராறு இல்லை. தகராறு இல்லாத இடத்தில் யோசனையும் நின்றுபோகிறது. 2005-ன் தகவல் உரிமைச் சட்டம் கேட்டால் கொடு என்றது. அதன் நான்காம் பிரிவு கேளாமலே கொடு என்றும் சொன்னது. (தமிழ்நாடு 1997-லேயே தனக்கென ஒரு சட்டம் இயற்றிக்கொண்டது. அதை எத்தனை பேர் உபயோகித்தார்கள் என்பது வேறு விஷயம்.) 2012 மார்ச்சில் மத்திய அரசு அறிவித்த தேசியத் தரவுப் பகிர்வுக் கொள்கை இன்னும் ஒரு படி மேலே போயிற்று. பொதுப் பணத்தில் திரட்டிய, ரகசியம் அல்லாத தரவுகளை இயந்திரம் படிக்கும் வடிவில், பிறர் எடுத்துத் தம் காரியங்களுக்கு மறுபடி பயன்படுத்தும்படி வெளியிட வேண்டும் என்பது அதன் சாரம். எதைத் தர முடியாது என்ற பட்டியலை அந்தந்தத் துறையே தயாரிக்கும் என்பதும் அதில் உண்டு.

என் கேள்வி இதற்கு அடுத்த கட்டத்தில் இருக்கிறது. கொடுத்தவனுக்கும் கொடுத்த பொருளுக்கும் உள்ள உறவு கொடுத்ததோடு அறுந்துவிடுகிறதா? நிர்வாகப் பிரச்னைபோலத் தோன்றும் இதைத் தார்மீகப் பிரச்னை என்றே நான் நினைக்கிறேன்.

கணக்கு என்பது நம் பக்கத்தில் ஒருபோதும் வெறும் எண்ணாக இருந்ததில்லை. 1760-களின் பிற்பாதியிலிருந்து சில ஆண்டுகள் தாமஸ் பர்னார்ட் என்ற கம்பெனி அதிகாரி செங்கல்பட்டு ஜாகீரைச் சர்வே செய்தபோது, சுமார் 2,000 ஊர்களின் நிலம், நீர், குடி, மானியம் எல்லாம் எழுத்துக்கு வந்தன. எழுதித் தந்தவர்கள் ஊர்க் கணக்கர்கள். அந்த ஓலைகள் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. இன்று பஸ் ஸ்டாண்டும் அடுக்கு வீடுகளுமாகக் கிடக்கும் பல தென் புறநகர்ப் பகுதிகள் அந்தச் சர்வேயின் எல்லைக்குள் வந்த கிராமங்கள்தாம். பின்னாளில் கர்ணம் என்றழைக்கப்பட்ட அதே ஆள், சிட்டாவையும் அடங்கலையும் தன் வீட்டுப் பெட்டியில் வைத்திருந்தான். பதவி பரம்பரை. எழுத்து அவனுடையது, ஆகவே அதிகாரமும் அவனுடையது. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு பரம்பரைக் கிராம உத்தியோகங்களை ஓர் அவசரச் சட்டத்தால் ஒழித்தது. அந்தப் பெட்டி அலுவலகத்துக்கு வந்தது, பிறகு கம்ப்யூட்டருக்கு. இப்போது சிட்டாவையும் வில்லங்கத்தையும் தாம்பரம் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் நின்றபடி கைபேசியில் பார்த்துவிடலாம்.

இதை முன்னேற்றம் இல்லை என்று சொல்ல நான் தயாரில்லை. கர்ணத்தோடு முகத்துக்கு முகம் சண்டை போட முடிந்தது, இப்போது யாரோடு போடுவது என்று ஏங்குகிறவர்கள் உண்டு. அந்தத் திண்ணையில் ஏறி நின்று சண்டை போட எந்த ஜாதிக்கு இடமிருந்தது என்று அவர்கள் ஒரு கணம் யோசிக்கலாம். ஆனாலும் அந்த ஏக்கத்தில் ஒரு துளி உண்மை இருக்கிறது. கர்ணம் பொய்க் கணக்கு எழுதினால் அது அவன் எழுதிய பொய். அதற்கு ஒரு பெயரும் ஒரு வீடும் இருந்தன.

2015 டிசம்பரை எடுத்துக்கொள்வோம். 2-ஆம் தேதி காலையோடு முடிந்த இருபத்துநான்கு மணி நேரத்தில் தாம்பரத்தில் பெய்த மழை 49 செ.மீ. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வெளியேற்றப்பட்ட நீர் விநாடிக்கு 29,000 கன அடிவரை போயிற்று. இந்த இரண்டாவது எண் தமிழ்நாட்டின் பிரக்ஞையில் செதுக்கப்பட்ட எண். கணக்குத் தணிக்கை அதிகாரியின் அறிக்கை அந்த வெள்ளத்தை மனிதரால் விளைந்த பேரழிவு என்றே குறிப்பிட்டது. 2017-ன் வரிசை எண் தாங்கிய அந்த அறிக்கை சட்டசபையில் வைக்கப்பட்டது 2018 ஜூலையில். 1-ஆம் தேதி இரவு ஜாபர்கான்பேட்டையில் கட்டிலின்மேல் நாற்காலி போட்டு நின்றவனுக்கு 29,000 என்பது உயிர் சம்பந்தப்பட்ட செய்தி. இரண்டரை வருஷம் கழித்து அதே எண் ஒரு வாதத்துக்கான ஆதாரம். எண் மாறவில்லை. ஆனால் எப்போது சொல்வது என்பதும் உண்மையின் ஒரு பகுதிதான்.

இன்னொன்று இதைவிட எனக்கு முக்கியமாகப் படுகிறது. செம்பரம்பாக்கத்தின் உபரி நீர் அடையாற்றில் வந்து சேருவது திருநீர்மலைப் பக்கம். முடிச்சூரும் வரதராஜபுரமும் அந்தச் சங்கமத்துக்கு மேலே, ஆற்றின் தலைப்பக்கத்தில் இருக்கின்றன. அங்கே மாடிவரை வந்தது ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளும் அவற்றைச் சுற்றிய நிலமும் தாங்க முடியாமல் கக்கிய தண்ணீர். ஆனால் முடிச்சூரில் கேளுங்கள்: 'செம்பரம்பாக்கத்தைத் தொறந்து விட்டுட்டாங்க சார்' என்பார்கள். ஏன்? செம்பரம்பாக்கம் பட்டணத்துக்குக் குடிநீர் தருகிற ஏரி. அதன் மட்டமும் இருப்பும் தினம் வெளியாகின்றன. பூண்டி, சோழவரம், புழலோடு சேர்த்துப் பேப்பரில் ஒரு கட்டம் போட்டுத் தருகிறார்கள். அந்தக் கட்டத்தில் ஆதனூர் ஏரிக்கு வரிசை கிடையாது. கொடுக்கப்பட்ட எண் தன்னைச் சுற்றி ஒரு காரணத்தைக் கட்டிக்கொள்கிறது. கொடுக்கப்படாததோ ரகசியமாகக்கூட இருப்பதில்லை. அது இல்லாமலே போய்விடுகிறது.

திறந்த தரவு பற்றிப் பேசுகிறவர்கள் மூடிவைத்ததைத் திற என்கிறார்கள். அதற்கு முன்னால், அளந்தாயா என்று கேட்க வேண்டியிருக்கிறது. எந்த ஏரியை அளப்பது என்ற தீர்மானத்தில் யாருடைய தாகம் தாகம், யாருடைய வெள்ளம் வெள்ளம் என்ற தீர்மானம் ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது. எந்த லைசென்ஸும் இதைத் தொடுவதில்லை.

லைசென்ஸ் என்றதும் ஞாபகம் வருகிறது. 2017 பிப்ரவரியில் அரசு தன் தரவுகளுக்கென ஒரு உரிமப் பத்திரம் வெளியிட்டது. வியாபாரத்துக்கும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம், மேலே கட்டலாம். எங்கிருந்து எடுத்தாய் என்று மட்டும் சொல்ல வேண்டும். தாராளமான பத்திரம்தான். ஆனால் பிழை இருந்தாலோ, அதனால் நஷ்டம் வந்தாலோ, நாளைக்கு இந்தத் தரவு நின்றுபோனாலோ கொடுத்தவர் பொறுப்பில்லை என்றும் அதில் எழுதியிருக்கிறது. வாங்குகிறவன் பெயர் சொல்லக் கடமைப்பட்டவன். கொடுக்கிறவன் எதற்கும் கட்டுப்பட்டவனில்லை. இது தானத்தின் இலக்கணம். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்று நாம் சொல்லிப் பழகியவர்கள். ஆனால் ஆதனூர்க்காரனின் வரியில் அளந்த தண்ணீரின் கணக்கு அவனுக்குத் தானமாக எப்படி வரும்? அது கடன். தமிழில் கடன் என்ற சொல்லுக்குக் கடமை என்றும் பொருள் இருப்பதை நான் மொழியின் விபத்தாக எடுத்துக்கொள்ளவில்லை.

உத்திரமேரூர் மண்டபச் சுவரில் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும், வெட்டிய விதிகளைக் குடியாட்சி என்று மேடைதோறும் முழங்குகிறார்கள். நில உரிமையும் வேதப் பயிற்சியும் உள்ளவர்களுக்கான சபை அது. அந்தச் சுவரில் அடங்காத குடிகள் அதே ஊரில் இருந்தார்கள். இருந்தும் அங்கே ஒரு விதி இருக்கிறது: வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினர்களும் குடவோலையில் சேரத் தகுதியற்றவர்கள். கணக்குக் காட்டுவது என்ற காரியம் அங்கே காட்டுகிறவனைப் பிணைக்கிறது. காட்டாவிட்டால் அவனுக்கு மட்டுமல்ல, அவன் உறவுக்கும் நஷ்டம். நம் காலத்து வெளியீட்டில் இந்தப் பிணைப்புத்தான் காணாமல் போயிருக்கிறது.

யாரிடம் சொல்வது என்பதும் அப்படியே. ஏரி உடையப்போகிறது என்று தண்டோரா போட்டவன் தெருத்தெருவாகப் போனான். கேட்கிறவனின் வாசலில் நின்று சொன்னான். அந்தப் பறையை அடிக்க யாரை வைத்திருந்தார்கள், அவனுக்கு அந்தத் தெருக்களில் என்ன மரியாதை என்பதும் நமக்குத் தெரியும். 2022 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு தண்டோராவை நிறுத்தச் சொன்னது சரியே. ஆனால் அந்த இழிவோடு சேர்ந்து, செய்தியைக் கேட்பவனிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது சொல்கிறவன் வேலை என்ற எண்ணமும் போய்விடக் கூடாது. இணையத்தில் ஒரு அட்டவணையை ஏற்றிவைப்பதில் முன்னிலை என்று யாரும் இல்லை. முந்நூறு பிரதி அச்சிட்டு, புரிகிறவனுக்குப் புரியட்டும் என்று இருந்துவிடும் நாம் இதைக் குறை சொல்லக் கொஞ்சம் கூச வேண்டும். கவிதைக்கு அந்தத் திமிர் தகும். வெள்ள எச்சரிக்கைக்குத் தகாது.

எடுத்துக்கொள்கிறவன் யார் என்ற கேள்வி பாக்கி இருக்கிறது. கர்நாடகம் 'பூமி' என்ற பெயரில் நிலப் பதிவேடுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றியதைப் பற்றி சாலமன் பெஞ்சமினும் சிலரும் 2007-ல் ஓர் ஆய்வு எழுதினார்கள். எளியவனுக்காக என்று திறந்த ஏட்டைப் பெரிய நில வியாபாரிகளே நன்றாகப் படித்துக்கொண்டார்கள் என்பது அதன் கண்டுபிடிப்பு. படிப்பவனின் யோக்கியதையைப் பார்த்துத்தான் ஏட்டைத் திறப்பது என்று ஆரம்பித்தால் மறுபடி கர்ணத்தின் பெட்டிக்கே போய்ச் சேருவோம். ஒரு பிரதி அச்சான பிறகு யார் எப்படி வாசிப்பார்கள் என்பது எழுதியவன் கையில் இல்லை. அரசும் அந்த இழப்புக்கு உடன்பட்டே ஆக வேண்டும். இந்த அளவுக்கு நான் திறப்புக் கட்சிதான்.

ஆனால் வாசிப்பின் பலன் யார் தலையில் விழுகிறது என்பதைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது, சுமார் 1,248 ஹெக்டேர். அதன் எல்லை எந்தெந்த சர்வே எண்களில் விழுகிறது என்பது 2025-லும் பசுமைத் தீர்ப்பாயத்தில் வழக்காக இருந்தது. எல்லை மங்கலாக இருக்கும் காலம் முழுவதும் அதன் ஓரத்தில் கட்டடம் எழுப்ப விரும்புகிறவனுக்குச் சாதகமான காலம். அரசின் சொந்தக் கடல் தொழில்நுட்ப நிறுவனமும் காற்றாற்றல் நிறுவனமும் அந்தச் சதுப்பின்மேல்தான் நிற்கின்றன. ஏரிப் புறம்போக்கில் ஓடு வேய்ந்து உட்கார்ந்தவனுக்கோ எல்லை எப்போதுமே துல்லியம். புல எண், உட்பிரிவு, ஆக்கிரமித்த சதுர அடி எல்லாம் அவன் கதவில் ஒட்டிய நோட்டீஸில் இருக்கின்றன. ஏரியைக் காப்பாற்ற வேண்டும் என்று வரைபடம் கேட்டு மனுப்போட்ட பக்கத்து நகர்க்காரரின் கையில் இருப்பதும் அதே வரைபடம். அவருடைய மனுவில் பிழையில்லை. அவர் வீட்டுக்குள்ளும் 2015-ல் தண்ணீர் வந்தது. அவருடைய நகர் எந்த ஏரியின் எத்தனையாவது மதகுக்குக் கீழே போட்ட மனை என்பது பழைய அடங்கலில் இருக்கும். அந்தப் பக்கத்தை மட்டும் இதுவரை யாரும் மனுப்போட்டுக் கேட்கவில்லை.