சின்னமலையும் ஊவா மலையும்

கலையைப் பற்றி நம்மிடையே நடைபெறும் விவாதங்களில் நகைச்சுவைக்கு இடம் கிடைப்பது அரிது. துயரக் கதையொன்றை வரிவரியாக ஆராய்வோம். நம்மைச் சிரிக்க வைத்த கதையையோ 'பொழுதுபோக்கு' என்ற ஒரே சொல்லால் ஒதுக்கி விடுவோம். ஆயினும், ஒரு சமுதாயம் எதைக் கண்டு கவலையின்றிச் சிரிக்கிறது என்பதில் அதன் அறநிலை வெளிப்படுகிறது. சிறு வயதிற் பார்த்த படமொன்றை முதிர்ந்த வயதில் மீண்டும் பார்க்கும்போது இவ்வுண்மை தெளிவாகிறது.

ஸ்ரீதர் இயக்கிய 'காதலிக்க நேரமில்லை' 1964 பெப்ரவரியில் வெளிவந்தது. பதுளையையும் அதனைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களையும் சேர்ந்த நம்மிற் பலர் அதனைச் சிறுவராயிருந்தபோது பார்த்தோம். படமெடுக்கும் ஆசை பிடித்த மகன் செல்லப்பாவாக நாகேஷ் திகிற்கதை சொல்ல, தந்தை விசுவநாதனாகப் பாலையா அதைக் கேட்டு வெலவெலத்துப் போகும் காட்சியில் வயிறு நோகச் சிரித்தோம். இன்றும் அச்சிரிப்புக் குறையவில்லை. கதை சொல்பவர் நாகேஷ்; ஆனால் நம் கண் கேட்பவரின் முகத்தை விட்டு அகல்வதில்லை. செல்வமும் அதிகாரமும் படைத்த ஒருவரை வெறுங்கதையொன்று நடுங்க வைப்பதைக் காண்பதில் எளியவர்க்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டு.

அன்று நம் கருத்திற் படாத ஒன்று இன்று படுகிறது. அந்த விசுவநாதன் சின்னமலையில் தோட்ட முதலாளி. அவரிடம் வேலை பார்க்கும் அசோக் என்ற இளைஞன், முதலாளியின் பெண்களோடு ஏற்பட்ட சச்சரவினால் வேலையை இழக்கிறான். இழந்தவன் என்ன செய்கிறான்? முதலாளியின் வீட்டுக்கு எதிரிலேயே கூடாரமடித்து, அவர் பெயரைச் சொல்லி அழைத்து, வேலை கேட்டுப் பாடுகிறான். முதலாளி செய்வதறியாது தவிக்கிறார். கொட்டகை கைதட்டுகிறது.

ஊவாவின் தோட்டமொன்றில் இக்காட்சியை எண்ணிப் பாருங்கள். அங்கே துரை ஒருவனை நிறுத்திவிட்டால் அவன் இழந்தது சம்பளத்தை மட்டுமா? லயத்துக் காம்பரா வேலையோடு ஒட்டியது. வேலை போனால் கூரையும் போயிற்று. சட்டி பானையை மூட்டை கட்டிக்கொண்டு, பெண்டு பிள்ளைகளோடு அடுத்த தோட்டத்தின் வாசலில் நிற்க வேண்டியதுதான். பங்களாவுக்கு எதிரே கூடாரமடிக்க ஒரு சாண் நிலமும் அவனுக்கில்லை. நாடும் அவனுடையதன்று என்றது சட்டம். 1948இல் குடியுரிமை பறிபோயிற்று. 1949இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. படம் வெளிவந்த அதே 1964ஆம் ஆண்டு, ஒக்டோபர் 30ஆம் நாள் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என மனிதர்கள் எண்ணிப் பிரிக்கப்பட்டனர்.

ஆகவே அன்று நாம் சிரித்தது தவறா? நமது நண்பர் சிலர் தவறென்றே சொல்வர். தொழிலாளியின் துன்பத்தை மறைக்கும் படத்தைப் பார்த்துச் சிரிப்பது முதலாளிக்குத் துணைபோவதாகும் என்பது அவர் வாதம். வேறு சிலர், சிரிப்பிற்குள் அரசியலைத் திணிக்காதீர்கள் என்பர். இரண்டும் பொருந்தா.

பிரெஞ்சுத் தத்துவஞானி பெர்க்சன் நகைப்பைக் குறித்து 1900இல் வெளியிட்ட நூலில், நகைச்சுவை பிறப்பதற்கு நெஞ்சம் சற்றுநேரம் மரத்திருக்க வேண்டும் என்று வாதித்தார். ஆனால் சாப்ளின் 1936இல் எடுத்த 'மொடர்ன் டைம்ஸ்' படத்தில் இயந்திரத்தின் பற்சக்கரங்களிடையே தொழிலாளி சிக்கிக்கொள்கிறான். வேலையற்றுப் பசியோடு அலைகிறான். நாம் சிரிக்கிறோம், நெஞ்சம் மரக்கவில்லை. அவன் விழுந்தாலும் எழுவான் என்ற உறுதி இருப்பதாலேயே சிரிக்க முடிகிறது. சிரிப்புக்கு வேண்டியது இவ்வுறுதி ஒன்றே. அசோக்கின் கூடாரத்தைக் கண்டு நாம் சிரித்ததும் அவனுக்குத் தீங்கு நேராது என்று அறிந்திருந்ததனாலேதான்.

அந்த உறுதியைப் படம் எவ்வாறு தருகிறது என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி. அசோக் கோடீசுவரன் மகனாக நடிக்கிறான். நண்பன் வாசு கிழவேடம் பூண்டு அவனுக்குத் தந்தையாகிறான். இல்லாத கோடிகளை விசுவநாதன் வணங்கும்போது பண மோகம் நன்றாகவே நையாண்டிக்கு உள்ளாகிறது. இது படத்தின் சிறப்பு. ஆனால் வேலை கேட்டு வந்தவன் முடிவில் மருமகனாகிறான். தொழிற் பிரச்சினையாகத் தொடங்கியது கல்யாணத்தில் முடிகிறது. முதலாளிக்கு இருப்பதோ இரண்டே பெண்கள்! தோட்டத்தில் உழைக்கும் மற்றவர்களுக்கு என்ன வழி? அவர்களுக்குக் கதையில் இடமே இல்லை.

பதுளைப் பகுதி மக்கள் வேறொரு வழியைக் கண்டிருக்கின்றனர். 1940இல் வெவெஸ்ஸ தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து, தமக்கென ஒரு குழுவைத் தேர்ந்தெடுத்தனர். அக்குழுவைக் கலந்துகொள்ள நிர்வாகம் இணங்க வேண்டியதாயிற்று. பின்னர் அடக்குமுறை வந்தது உண்மையே. ஆயினும் முதலாளி தவிக்கும் காட்சியை அவர்கள் திரையில் அன்று, தம் மண்ணிலேயே கண்டார்கள். அசோக் தனியொருவனாகப் பெற்ற உறுதியை அவர்கள் எல்லோருக்குமாகக் கேட்டார்கள்.

நாடற்றவராய் எஞ்சியிருந்தோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமை தந்தது. ஆனால் லயங்கள் நிற்கும் நிலம் அவற்றில் வாழ்வோரிற் பெரும்பாலோருக்கு இன்றும் சொந்தமன்று. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. அது அபாயமான இடமென்று முன்னரே எச்சரித்திருந்தும், மக்கள் அங்கேயேதான் வாழ்ந்துகொண்டிருந்தார்கள்.

ஆசிரியர்கள் இப்படத்தை மாணவர்க்குக் காட்டட்டும். பாலையாவின் முகத்தைக் கண்டு அவர்கள் தாராளமாகச் சிரிக்கட்டும். பின்னர் ஒன்றை மட்டும் கேளுங்கள்: வேலையிழந்த ஒருவன் முதலாளியின் வாசலில் அச்சமின்றிப் பாட வேண்டுமாயின் அவனுக்கு என்னென்ன சொந்தமாயிருக்க வேண்டும்? வீடு, நிலம், வாக்கு, சங்கம் என்று மாணவர்களே எண்ணிச் சொல்வார்கள். சிரிப்பில் குற்றமில்லை, அச்சமின்றிச் சிரிக்கும் நிலை சிலருக்கே வாய்த்திருப்பதுதான் குற்றம். அந்நிலை லயங்களிலுள்ள ஒவ்வொருவருக்கும் உரியதாகப் பாடுபடுவது நம் கடமை.